பழைய பொருளுக்கு ஒரு விலை: வாசகர் கேள்வி – பதில்

போகியன்று வீட்டுப் பழம்பொருள்களைத் தெருவில் போட்டுக் கொளுத்துவதற்குப் பதிலாக, பயன்படக்கூடியவற்றைப் பிரித்தெடுத்து விற்கலாம் அல்லது கொடுக்கலாம் என்று தை மாத இதழில் இரண்டு பத்திகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வந்தவை என்பதால், இம்மாதம் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் தங்கை, அங்கே பழைய துணி விற்கும் கடை ஒன்றிலிருந்து என் நான்கு வயது மகனுக்கு ஒரு ஸ்வெட்டரும் இரண்டு கால்சட்டைகளும் வாங்கி வந்தாள். பார்த்தால் புதியவை போலவே இருக்கின்றன. ஆனால், "யார் போட்டுக் கழித்ததோ, சாவு வீட்டுத் துணியோ" என்று சொல்லி, என் மாமியார் அவற்றை வீட்டுக்குள் வைக்கவே விடவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?
– வாசகி, பாலக்கோடு

உங்கள் மாமியாரின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அம்மையும் காலராவும் ஊர் ஊராகப் பரவிய காலத்தில், முன்பின் அறியாதவர் உடுத்திய துணியைத் தொடாதே என்பது உயிரைக் காத்த பேச்சாகவே இருந்திருக்கும். இருந்தாலும் அவரிடம் பக்குவமாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் முதலில் போடுவது புதுத் துணியா? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டியைக் கிழித்துத்தானே சுற்றுகிறோம்? தூளி கட்டுவதும் பாட்டியின் பழைய நூல்புடவையில்தான். அக்காள் பிள்ளையின் சட்டை தங்கை பிள்ளைக்கு வருவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆகவே, பழைய துணி என்பது நமக்கு எப்போதும் ஆகாததாக இருந்ததில்லை. அறியாதவரின் பழைய துணி என்பதுதான் அவரை உறுத்துகிறது. அந்த உறுத்தலில் உடல்நலம் சார்ந்த பகுதியைச் சோப்பும் வெயிலும் தீர்த்துவிடும்.

பருத்திக் கால்சட்டைகளை நல்ல சூடான நீரில் சோப்புத்தூள் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, உச்சிவெயிலில் உலர்த்துங்கள். காய்ந்தபின் தையல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். கம்பளி ஸ்வெட்டருக்குச் சுடுநீர் ஆகாது, சுருங்கிவிடும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயவையுங்கள். சொறிசிரங்கை உண்டாக்கும் பூச்சி மனித உடலை விட்டு நீங்கினால் பொதுவாக இரண்டு, மூன்று நாள்களுக்கு மேல் பிழைத்திருப்பதில்லை என்பதால், அந்த ஒரு வாரம் தாராளமாகப் போதும். மூட்டைப்பூச்சி அப்படிப்பட்டதன்று, உணவே இல்லாமல் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதனால்தான் பழைய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபா ஆகியவற்றை மட்டும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது வழக்கம். உள்ளாடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தலைக்கவசத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கீழே மோதிய தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள நுரைப்பகுதி நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கார்த்திகையில் வாங்கிய ஸ்வெட்டர் அடுத்த கார்த்திகைக்குக் கை ஏறாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமலும் முடியாது. ஆக, ஒரு குளிர்காலத்துக்கு மட்டுமே உழைத்த ஸ்வெட்டர்கள் அந்தப் பகுதி வீடுகளில் மடித்து வைக்கப்பட்டிருப்பதில் வியப்பில்லை. இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே ஒரு பருத்திப் பனியனுக்குத் தேவையான பஞ்சை விளைவிப்பதிலிருந்து சாயமேற்றுவது வரை சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குழாயில் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கும் நம் மாவட்டத்துப் பெண்களுக்கு அந்த அளவு எவ்வளவு என்பதை நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் மாமியாரிடமும் இதையே சொல்லிப் பாருங்கள். தண்ணீரின் அருமை அவருக்குத் தெரியாமல் இருக்காது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். மனைவி மறைந்து ஓராண்டாகிறது. பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறவிருக்கிறேன். புடவைகள், பாத்திரங்கள், புத்தகங்கள், மரச்சாமான்கள் என்று ஏராளமாக இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எல்லாவற்றையும் எடைக்குக் கேட்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகனோ, அங்கே சேரிட்டி ஷாப் என்ற ஏற்பாடு இருப்பதாகச் சொல்கிறான். அது என்ன? கொடுப்பதென்றால் இலவசமாகக் கொடுப்பதுதானே முறை? அதற்கு விலை வைப்பது தகுமா?
– வாசகர், தருமபுரி

உங்கள் கடைசிக் கேள்விதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்பதால் அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

மகன் சொல்வது தொண்டுக் கடை. மக்கள் தங்களுக்கு வேண்டாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள பொருள்களை அங்கே இலவசமாகத் தந்துவிடுவார்கள். தன்னார்வலர்கள் அவற்றைத் தரம் பிரித்து, துடைத்து, விலைச்சீட்டு ஒட்டிக் குறைந்த விலைக்கு விற்பார்கள். வரும் பணம் அந்த அமைப்பின் தொண்டுக்குப் போகும். இங்கிலாந்தில் 1942ஆம் ஆண்டு, போரால் பட்டினியில் வாடிய கிரேக்க மக்களுக்கு உதவுவதற்காகத் தொடங்கப்பட்ட ஆக்ஸ்ஃபாம் அமைப்பு, அதே பத்தாண்டின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் தெருவில் இத்தகைய கடை ஒன்றைத் திறந்தது. இன்று அந்நாட்டில் கடைத்தெரு இருக்கும் ஊரெல்லாம் ஏதாவது ஓர் அமைப்பின் தொண்டுக் கடை இருக்கிறது. வசதி உள்ளவர்களும் அதில் நுழைந்து வாங்குகிறார்கள்.

இலவசமாகக் கொடுப்பது உயர்ந்தது என்ற எண்ணம் நம் இரத்தத்தில் ஊறியது. ஆனால் பெறுகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். இலவசமாக ஒரு புடவையைப் பெறுகிற பெண், "இந்த நிறம் எனக்கு வேண்டாம், அதை எடுங்கள்" என்று சொல்ல முடியாது. கிழிசலைச் சுட்டிக்காட்ட முடியாது. கொடுத்தவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் ஒரு பணிவை வரவழைத்துக்கொள்ள வேண்டும். அதே பெண் 50 ரூபாய் கொடுத்து அதே புடவையை வாங்கினால் நான்கைப் புரட்டிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், 40 ரூபாய்க்குத் தருவீர்களா என்று பேரம் பேசுவார், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போவார். அந்த 50 ரூபாய் வாங்கித் தருவது புடவையை மட்டுமன்று, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும்தான்.

இது வெறும் மனத்தத்துவம் இல்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் போய்ச் சேர்ந்தன. யாருக்கும் பொருந்தாதவை, கிழிந்தவை, அந்த ஊர் வழக்கத்துக்கு ஒவ்வாதவை என்று அவற்றில் பெரும்பகுதி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். இலவசம் என்பதால், கொடுப்பதற்குத் தகுதியானதா என்று பார்க்கும் கண் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். 1999ஆம் ஆண்டு அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூன்ஜ் அமைப்பு இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. கிராம மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான கிணறு, சாலை, குளம் போன்ற பணிகளைத் தாங்களே முடிவு செய்து உழைப்பார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகவே துணிகளும் பொருள்களும் வந்து சேரும். அன்ஷு குப்தாவுக்கு 2015ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. விலையாகட்டும், உழைப்பாகட்டும், பெறுகிறவர் பதிலுக்கு ஒன்று தருகிறார் என்பதே இரண்டிலும் பொதுவானது. ஆகவே, ஐயா, விலை வைப்பது தகும் என்பது மட்டுமன்று, முடிந்த இடத்திலெல்லாம் விலை வைப்பதே நல்லது என்பது என் கருத்து. நோயாளிகளும், வெள்ளத்திலோ தீயிலோ எல்லாவற்றையும் இழந்தவர்களும் இதற்கு விலக்கு.

இனி உங்கள் பொருள்களுக்கு வருவோம். பட்டுப்புடவைகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். "பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்" என்று வருகிறவர்களில் பலர் புடவைக்காக வருவதில்லை. சரிகையை எரித்து அதிலுள்ள வெள்ளியை எடுப்பதற்காக வருகிறார்கள். பழைய சரிகை என்றால் வெள்ளிச் சத்து கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அதை மதிப்பிடாமல் ஒரு தொகையைச் சொல்லி அள்ளிக்கொண்டு போவார்கள். உடுத்தும் நிலையில் உள்ள பட்டைப் புடவையாகவே விற்றால் அது இன்னொரு வீட்டுத் திருமணத்தைக் காணும். இற்றுப்போனதை மட்டும் சரிகைக்குக் கொடுங்கள், அதையும் இரண்டு பேரிடம் விலை கேட்ட பிறகு. பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை இரும்புக் கடையில் மற்றவற்றோடு சேர்த்து எடை போட விடாதீர்கள். உலோகத்துக்கு உலோகம் விலை வேறு. புத்தகங்களில் பள்ளிப் பாடநூல்கள் இருந்தால் ஆண்டைப் பாருங்கள்: நம் மாநிலப் பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் ஒன்று விடாமல் மாற்றப்பட்டன என்பதால், அதற்கு முந்தியவை தாள் விலைக்குத்தான் போகும். மற்ற நூல்களை எடுத்துக்கொள்வார்களா என்று நூலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். சொல்லாமல் கொள்ளாமல் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு வருவது உதவி ஆகாது.

துணி, பொம்மை, புத்தகம் போன்றவற்றைப் பெற்று மறுபயன்பாட்டுக்கு விடுவதற்காக நகர்ப்புற உள்ளாட்சிகள் ஆர்.ஆர்.ஆர். (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி) மையங்களைத் திறக்க வேண்டும் என்று 2023 மே மாதத்தில் மத்திய அரசின் தூய்மை இயக்கம் நாடு முழுவதும் ஏற்பாடு செய்தது. உங்கள் நகராட்சியில் அந்த மையம் இப்போது எந்த இடத்தில், எந்த நேரத்தில் இயங்குகிறது என்பதை அலுவலகத்தில் கேட்டறியுங்கள். மனைவியார் பயன்படுத்திய மருந்துகள் மீதமிருந்தால், அவற்றை மட்டும் யாருக்கும் தர வேண்டாம்.

ஒரு தொண்டு அமைப்புக்கு 20,000 ரூபாய் மதிப்புள்ள மரச்சாமான்களைக் கொடுத்தால் வருமான வரியில் நன்கொடைக்கான 80-ஜி கழிவு கிடைக்குமா?
– வாசகர், அரூர்

கிடைக்காது. அந்தக் கழிவு பணமாகக் கொடுப்பதற்கு மட்டுமே. பொருளாகக் கொடுத்தால் இல்லை. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதை ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. சாமான்களை நீங்களே விற்று, அந்தத் தொகையை உரிய பதிவு பெற்ற அமைப்புக்கு வங்கி வழியாகச் செலுத்தினால், நீங்கள் பழைய வரி முறையில் இருக்கும்பட்சத்தில் கேட்கலாம்.

பெங்களூரில் ஒருவரிடம் கர்நாடகப் பதிவெண் கொண்ட ஸ்கூட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இங்கே ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கும் ஒருவர், "பேர் மாற்றாமலேயே எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள், ஆர்.சி. புக் கையில் இருந்தால் போதும்" என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

வண்டியை வாங்கலாம், அந்த ஆலோசனையை வாங்காதீர்கள். நானே பட்டுத் தெரிந்துகொண்டவன். என் பழைய மொபெட்டை ஒரு கடையில் கொடுத்துவிட்டு, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு சொல்லை நம்பி வெறுங்கையெழுத்துப் போட்டுத் தந்து வந்தேன். இரண்டு ஆண்டு கழித்து, நான் போயே இராத ஊரில் தலைக்கவசம் அணியாமல் சென்றதற்கான அபராதம் என் பெயருக்கு வந்தது. அபராதத்தோடு போனது என் அதிர்ஷ்டம். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கூறியிருக்கிறது. நாலு கை மாறிவிட்டது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் முறைப்படி நிரப்பிக் கையெழுத்திடப்பட வேண்டும். வண்டி வேறு மாநிலத்துக்கு வருவதால், கர்நாடகத்தில் பதிவு செய்த அலுவலகத்திலிருந்து படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று, அதாவது எல்லோரும் சொல்லும் என்.ஓ.சி., வாங்கித் தரும்படி விற்பவரிடமே கேளுங்கள். விலை பேசும்போதே இதைப் பேசிவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். வண்டி மீது கடன் இருந்து அடைக்கப்பட்டிருந்தால், வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35 வேண்டும். பிறகு இங்கே வரி கட்டி, டி.என். 70 பதிவெண் பெற வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இந்த வரியையும் அலைச்சலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், டி.என். 24, டி.என். 29 எண்ணுள்ள உள்ளூர் வண்டி சற்றுக் கூடுதல் விலையிலும் மலிவாகவே முடியக்கூடும். காப்பீட்டையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கிலோமீட்டர் எண்ணைத் திருப்பி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைத் திருத்துவது எளிதில்லை. 'ஒரே கை, பத்தாயிரம் கிலோமீட்டர்' என்று சொல்லும் வண்டியில் இரண்டு டயர்களும் வண்டியைவிட இளமையாக இருந்தால் யோசியுங்கள்.

பழைய வாகனங்களை வாங்கி விற்பவர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கடைக்காரரிடம் அதைக் காட்டும்படி கேட்பதில் தவறொன்றுமில்லை.

கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் பழைய செல்போன் வாங்கலாமா? திருட்டு போனாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, காவேரிப்பட்டணம்

வாங்கலாம். கடையிலேயே அந்தப் போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். உங்கள் போனிலிருந்து, ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறை 2023ஆம் ஆண்டு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கு உங்கள் கண்முன் நீக்கப்பட்டு, போன் முழுவதும் அழிக்கப்பட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும். இதைச் செய்ய மறுப்பவரிடம் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் பழைய போனை விற்கும்போதும் இதே வேலையை நீங்கள் செய்ய வேண்டும். பணப் பரிமாற்றச் செயலிகளை நீக்காமல் போனைக் கொடுப்பது, பீரோவைச் சாவியோடு விற்பதற்குச் சமம்.

எல்லோரும் பழையதையே வாங்கத் தொடங்கினால் நெசவாளர், தையல்காரர், சிறு ஜவுளிக் கடைக்காரர் எல்லாம் எங்கே போவார்கள்? நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. அவர்கள் வயிற்றில் அடிக்கவில்லையா?
– வாசகர், பென்னாகரம்

இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துத் தப்பிக்க நான் விரும்பவில்லை. பழைய துணி மலைபோல் வெளிநாட்டிலிருந்து இறங்கினால் உள்ளூர் நெசவு நசியும் என்பது உண்மை. அந்தக் கவலையில்தான் ருவாண்டா 2016ஆம் ஆண்டு பழைய ஆடைகளுக்கான இறக்குமதி வரியைப் பல மடங்கு உயர்த்தியது. நம் நாட்டில் அத்தகைய இறக்குமதிக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. இங்கே நாம் பேசுவது, பக்கத்துத் தெருவில் அலமாரியில் கிடக்கும் புடவை அடுத்த தெருவுக்குப் போவதைப் பற்றி. அதை வாங்குகிற பெரும்பாலோர் கைத்தறிப் புடவையை விட்டுவிட்டு இதற்கு வருவதில்லை. இரண்டு மாதத்தில் நூல் பிரியும் செயற்கை இழைத் துணியை விட்டுவிட்டு வருகிறார்கள்.

மறுவிலை இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் வாங்கும் முறையே மாறும். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் கூடுகளை வளர்த்தவரின் உழைப்பும், அதை நூற்று நெய்தவரின் உழைப்பும் சேர்ந்த ஒரு பட்டை, பதினைந்து ஆண்டு கழித்தும் விற்க முடியும். மலிவுத் துணியை மறுநாளே விற்க முடியாது. பழைய பொருளுக்குச் சந்தை இருக்கும் ஊரில் நல்ல பொருளுக்கும் சந்தை இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். தையல்காரருக்கோ வேலை கூடத்தான் செய்யும்: இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் அவரிடம்தான் வரும். சிறு கடைக்காரருக்கு ஓரளவு இழப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர் இருக்கிறோம். பழைய துணி, பாத்திரம், வீட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று தொடங்கி, இலாபத்தில் ஒரு பங்கை ஊரில் ஆதரவற்ற முதியோரின் மருத்துவச் செலவுக்குத் தரலாம் என்று எண்ணுகிறோம். எப்படித் தொடங்குவது?
– வாசகி, போச்சம்பள்ளி

இந்தக் கடிதத்தைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது என்று சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஊருக்கு இரண்டு வசதிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தைக்குச் சுற்று வட்டாரமே வந்து கூடுகிறது. ஆகவே, கடையை வாரம் முழுவதும் திறந்து வைத்து வாடகைக்கு உழைக்காமல், முதல் ஆறு மாதம் ஞாயிறு மட்டும் திறந்தாலும் போதும். இரண்டாவது, சரக்கு. ஓசூரிலும் பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் பகுதிகளிலும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். வேலை மாறும்போது கட்டில், மின்விசிறி, பாத்திரம், சைக்கிள், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாவற்றையும் இரண்டு நாளில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அதே வாரம் புதிதாக வந்து இறங்குகிறவர் அவற்றையே புதிதாக, முழு விலைக்கு வாங்குகிறார். இந்த இருவருக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே நீங்கள் நிற்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சமையல் எரிவாயு சிலிண்டரை வாங்கவே கூடாது. அது எரிவாயு நிறுவனத்தின் சொத்து; காலி செய்கிறவர் முகவரிடம் ஒப்படைத்து வைப்புத் தொகையைத் திரும்பப் பெற வேண்டும்.

கையில் முதல் இல்லாமல் தொடங்க, விற்றுக்கொடுக்கும் முறை ஏற்றது. பொருளை உரிமையாளர் உங்களிடம் வைத்துவிட்டுப் போவார்; விற்றால் 100 ரூபாயில் 30 ரூபாய் கடைக்கு, 70 ரூபாய் அவருக்கு என்பது போல முன்னதாகவே எழுதிக்கொள்ளுங்கள்; இரண்டு மாதத்தில் விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அது தொண்டுக்குச் சேரும் என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள். நன்கொடையாக வருவதும் விற்றுக்கொடுக்க வருவதும் ஒரே பதிவேட்டில் கலந்துவிடக் கூடாது. உங்கள் கடையின் பெயரே அந்தப் பதிவேட்டைப் பொறுத்தது.

பொருள் கொண்டுவருகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், பொருளின் விவரம், கையெழுத்து ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். ஆகவே நகை வேண்டாம். செம்புக் கம்பி, மோட்டார் ஒயர் வேண்டாம். தனியாக வரும் சிறுவர்கள் கொண்டுவரும் சைக்கிளோ போனோ வேண்டவே வேண்டாம். அரசு முத்திரை உள்ள விலையில்லாப் பொருள்களையும் தவிர்ப்பதே நல்லது. தோட்டத்து மோட்டாரைப் பறிகொடுத்த விவசாயி நாளை உங்கள் கடை வாசலில் வந்து நிற்கக் கூடாது.

விலை வைப்பதற்கு என் கைக்கணக்கு இது: துணிக்குப் புது விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள், மரச்சாமானுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம், எவர்சில்வருக்கு எடைக்கடை விலையைவிடச் சற்றுக் கூடுதல். மின்சாதனங்களை வாங்குபவர் கண்முன் ஓட்டிக் காட்டுங்கள், ஒரு வாரத்துக்குள் பழுதானால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லுங்கள். குக்கரை அதன் பாதுகாப்பு வால்வையும் ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றாமல் விற்காதீர்கள். குழுவில் தையல் தெரிந்த ஒருவரும், அயன் செய்யப் பொறுமை உள்ள ஒருவரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கசங்கிய சட்டைக்கு 20 ரூபாய் கொடுக்கத் தயங்குகிறவர், அதையே தேய்த்து மாட்டி வைத்தால் 60 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்வார்.

ஜூன் மாதப் பள்ளித் திறப்பும், தீபாவளியை ஒட்டிய வாரங்களும் விற்பனைக்கு நல்ல காலம். போகிக்கு முந்தைய பத்து நாள் சரக்குச் சேர்க்கும் காலம். ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும் வரை சரக்குகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு உங்களுக்குத் தேவைப்படாது. தாண்டினாலும், பழைய பொருள்களுக்கு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மீது மட்டும் வரி கட்டும் முறை இருக்கிறது. அந்த நிலை வரும்போது ஒரு கணக்கரைப் பாருங்கள்.

முதியோருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவதைப் பலகையில் எழுதி வைக்கப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு விற்றது, எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் அதே பலகையில் சாக்கட்டியால் எழுதுங்கள். முதியோர் பெயர்களை எழுத வேண்டாம்.

கடைசியாக, விற்காத துணி. நூற்றுக்கு இருபது முப்பது எப்படியும் தேங்கும். பருத்தியாக இருந்தால் பித்தான், ஜிப்புகளைக் கழற்றிவிட்டு, கைக்குட்டை அளவுக்கு வெட்டிக் கிலோக் கணக்கில் கட்டி வையுங்கள். எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணிக்கு ஓசூர்ப் பட்டறைகளில் எப்போதும் தேவை உண்டு. கம்பளியும் செயற்கை இழையும் அரியானாவிலுள்ள பானிப்பட்டுக்குப் போகும் சரக்கு; அங்கே அவற்றைக் கிழித்து மீண்டும் நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்கு நீங்களே அனுப்பக் கட்டுப்படியாகாது. நகரத்தில் பழந்துணி மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடம் எடை போட்டுவிடுங்கள். கழற்றிய பித்தான்களை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். சட்டை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.